உப்புநீர்த் தொட்டியில் நத்தைகளின் மறைவு வாழ்க்கை: கவனிக்கும் முறையும் பொருள் கொள்ளும் முறையும்

உப்புநீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு: "பன்னிரண்டு நத்தை வாங்கி விட்டேன், பத்து நாளில் மூன்றுதான் கண்ணில் படுகின்றன, மற்றவை செத்துப் போயிருக்க வேண்டும்." இதைச் சொல்பவர் அடுத்த வாரமே கடைக்குப் போய் இன்னும் பன்னிரண்டு வாங்கி வருவார். முதல் பன்னிரண்டில் பெரும்பாலானவை உயிரோடுதான் இருந்திருக்கும். இப்போது இரண்டு மடங்கான கூட்டத்துக்குப் போதுமான பாசி அந்தத் தொட்டியில் இராது. ஓரிரு மாதங்களில் பாதி பட்டினியால் சாகும். "நம் ஊர்ச் சூட்டுக்கு நத்தை தாங்காது" என்ற முடிவுக்கு அவர் வந்துவிடுவார். முதல் ஆண்டில் நானும் இதையேதான் செய்தேன்.

குழப்பத்துக்குக் காரணம் எளியது. நாம் தொட்டியைப் பார்ப்பது விளக்கு எரியும் நேரத்தில். நத்தைகளில் பல வேலைக்குக் கிளம்புவது விளக்கு அணைந்த பிறகு. கடலில் அவற்றைத் தின்னும் மீன்களில் பெரும்பாலானவை கண்ணால் பார்த்து இரை தேடுபவை என்பதால், பகலில் மணலிலும் பாறை இடுக்கிலும் ஒடுங்கிக் கிடந்து இருட்டில் மேய்வது அவற்றுக்குப் பிறவிப் பழக்கம். வீட்டுத் தொட்டியில் அவற்றைத் தின்ன ஒருவரும் இல்லாவிட்டாலும் அந்தப் பழக்கம் மாறுவதில்லை. அந்த மறைவு வாழ்க்கையை எப்படிப் பார்ப்பது, பார்த்ததிலிருந்து தண்ணீரின் நிலையை எப்படி அறிவது என்பதே இந்தக் கட்டுரையின் பொருள். நான் சொல்பவற்றில் பெரும்பகுதி சென்னையில் என் வீட்டுக் கூடத்தில் இருக்கும் நான்கடி நீளத் தொட்டியில் கண்டவை.

எது எங்கே வாழ்கிறது

பெயர் தெரியாமல் நடத்தையைப் புரிந்துகொள்ள முடியாது. கடையில் "கிளீனர் நத்தை" என்று ஒரே பெயரில் விற்கப்படுபவை ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத உணவுப் பழக்கம் கொண்டவையாக இருக்கலாம். நசாரியஸ் மணலுக்குள் வாழும். அது பிணந்தின்னி, பாசியைத் தொடவே தொடாது. பாசியைத் தின்னும் என்று நம்பி அதை வாங்குபவர்கள் ஏராளம். செரித் என்பது ஊசிக்கோபுரம் போன்ற நீண்ட ஓடு உடையது. பகலில் மணலில் பாதி புதைந்து கிடந்து, இரவில் மணல், பாறை, கண்ணாடி என்று மூன்றையும் மேயும். டிரோக்கஸ் அடிப்பக்கம் தட்டையான கூம்பு வடிவ ஓடு உடையது. முழுக்க முழுக்கப் பாசியுண்ணி. (இதற்கு உறவான பெரிய இனம் ஒன்றின் ஓட்டிலிருந்துதான் ஒரு காலத்தில் முத்துப் பளபளப்புள்ள சட்டைப் பொத்தான்களை வெட்டியெடுத்தார்கள்.) ஆஸ்ட்ரியாவும் டர்போவும் பாசியுண்ணிகளே; டர்போ உருவத்தில் பெரியது, புல்டோசரைப் போல வழியில் இருக்கும் பவளத்துண்டுகளைத் தள்ளிக்கொண்டே போகும். நெரைட் அலையடிக்கும் பாறைக்கரையைச் சேர்ந்தது. தண்ணீருக்கு வெளியே சில மணி நேரம் இருப்பது அதற்கு இயல்பு.

ஸ்டோமடெல்லாவைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதை யாரும் வாங்குவதில்லை. பாறையோடு தானாகவே வந்து சேரும். நகத்தின் அளவுள்ள தட்டையான ஓடு அதன் உடலை முழுவதும் மூடாது என்பதால், ஓடில்லாத நத்தை என்று நினைத்துப் பலர் பயந்து வெளியே எறிந்துவிடுகிறார்கள். இது மிக நல்ல பாசியுண்ணி. ஒளி பட்டதும் நத்தை என்று நம்ப முடியாத வேகத்தில் ஓடி ஒளியும். பிடித்தால் பல்லி வாலைத் துண்டித்துக்கொள்வதைப் போலத் தன் பாதத்தின் பின்பகுதியைக் கழற்றிவிட்டுத் தப்பிக்கும். கழன்ற துண்டு சிறிது நேரம் துடித்துக்கொண்டிருக்கும். இழந்த பகுதி பிறகு வளர்ந்துவிடும் என்றாலும், அந்தக் காட்சிக்காக அதை விரட்ட வேண்டாம்.

இரவில் பார்ப்பது எப்படி

ஒரு சாதாரண டார்ச், கடையில் பரிசுப் பொருள்களைச் சுற்றித் தரும் சிவப்பு செலோபேன் தாள், ஒரு ரப்பர் பேண்ட் ஆகிய மூன்றும் போதும். தாளை இரண்டு மூன்று மடிப்பாக டார்ச்சின் முகத்தில் கட்டிக்கொள்ளுங்கள். வெள்ளை ஒளி பட்டால் உடனே ஒடுங்கிக்கொள்ளும் நத்தைகள் மங்கலான சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. விளக்கு அணைந்த உடனே போய்ப் பார்க்காமல், ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். கூடத்தின் விளக்கையும் அணைத்துவிட வேண்டும். ஓடும் தொலைக்காட்சியின் ஒளிகூடக் கெடுத்துவிடும்.

முதலில் மணல், அடுத்து முன்கண்ணாடி, பிறகு பின்கண்ணாடியும் குழாய்களும், கடைசியாகப் பாறை என்ற வரிசையில் பத்து நிமிடம் பார்த்தால் போதும். நடமாட்டத்தின் அதிர்வை உணர்ந்து முதலில் உள்ளே இழுத்துக்கொள்பவை மணலில் இருப்பவைதான் என்பதால் அவற்றிலிருந்து தொடங்குகிறோம். எந்த இனம் எத்தனை, எங்கே, என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஒரே இரவில் எல்லாமும் தென்படாது. ஒரு மாதத்தில் ஆறேழு முறை பார்த்தால்தான் உண்மையான எண்ணிக்கை பிடிபடும்.

ஒரு குறிப்பிட்ட நத்தையைத் தொடர்ந்து கவனிக்க வேண்டுமானால் அடையாளம் இடலாம். ஓட்டின் மேல்பகுதியை மட்டும் துடைத்துக் காயவைத்து, கெட்டியான ஜெல் வகை சூப்பர் குளூவில் ஒரு துளி வைத்து, அதன்மேல் மிளகில் பாதியளவு நிறப் பிளாஸ்டிக் துண்டை ஒட்டுங்கள். பசை வாய்ப்பக்கத்துக்கு வழிந்துவிடக் கூடாது. ஓரிரு நிமிடத்தில் நத்தை தண்ணீருக்குத் திரும்பிவிட வேண்டும். நான் இப்படி அடையாளமிட்ட நான்கு டிரோக்கஸ்களில் மஞ்சள் புள்ளி வைத்த ஒன்று, இரவெல்லாம் தொட்டியின் மறுமுனை வரை மேய்ந்தாலும், விடியும்போது சுழற்சி மோட்டாருக்குப் பின்னால் இருக்கும் அதே மூலைக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் திரும்பிக்கொண்டிருந்தது. பிறகு ஒருநாள் இடத்தை மாற்றிக்கொண்டது. காரணம் அதற்கே வெளிச்சம்.

மணலுக்குள் இருப்பவை சொல்லும் செய்தி

நசாரியஸ் மணலுக்குள் முழுவதும் புதைந்திருக்கும்போது வெளியே தெரிவது யானைத் தும்பிக்கையின் நுனியைப் போன்ற, தீக்குச்சி கனமுள்ள ஒரு குழல் மட்டுமே. அந்தக் குழல் வழியாகத்தான் அது தண்ணீரை உள்ளிழுக்கிறது. அந்தத் தண்ணீரை மோப்பம் பிடிக்கும் உறுப்பு உள்ளே இருக்கிறது. தோல் நீக்கிய பச்சை இறாலை நன்றாக அலசி, பட்டாணி அளவு துண்டு ஒன்றை மணலின்மேல் வைத்துப் பாருங்கள். முதலில் குழல்கள் நிமிர்ந்து இங்குமங்கும் ஆடும். பிறகு மணல் பல இடங்களில் ஒரே நேரத்தில் பொங்கும். ஒரு நிமிடத்துக்குள் புதைகுழியிலிருந்து எழுந்தவைபோல எல்லாம் வெளியே வந்து, நத்தைக்கே உரிய நிதானத்தை மறந்து, இறாலை நோக்கி விரையும். நீரோட்டம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் குழலை நீட்டித் திருப்பியபடியே அவை வருவதைக் கவனியுங்கள். மணம் வரும் திசையை அறியும் வழி அதுவே.

மாதம் ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்தால் இரண்டு விஷயம் தெரியும். ஒன்று, எத்தனை உயிரோடு இருக்கின்றன என்ற கணக்கு. மற்றொன்று, எவ்வளவு விரைவாக வருகின்றன என்பது. வழக்கமாக ஒரு நிமிடத்தில் வருபவை ஒருநாள் ஐந்து நிமிடமாகியும் வரவில்லை என்றால், ஒன்று அவை முன்பே வயிறு நிறைய உண்டிருக்கின்றன, அதாவது நீங்கள் மீனுக்கு அளவுக்கு மீறி உணவிடுகிறீர்கள். இல்லாவிட்டால் தண்ணீரில் ஏதோ சரியில்லை. உப்பு அளவையும் அம்மோனியாவையும் அன்றே சோதித்துப் பாருங்கள். அரை மணி நேரத்துக்குப் பிறகு மிஞ்சிய இறாலை எடுத்துவிட மறக்க வேண்டாம்.

இதற்கு நேர்மாறான நிகழ்வு இன்னும் முக்கியமானது. உணவே இடாத நேரத்தில் நசாரியஸ்களும் செரித்களும் கூட்டமாக மணலைவிட்டு வெளியேறிக் கண்ணாடியில் ஏறினால், அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கீழே உயிர்வளி குறைகிறது என்பதே பெரும்பாலும் அதற்குப் பொருள். ஒரு மே மாத இரவில் எங்கள் தெருவில் மின்சாரம் போனபோது, மீன்கள் எவ்வித மாற்றமும் இல்லாமல் நின்றுகொண்டிருக்க, மணலிலிருந்த நசாரியஸ்கள் ஒவ்வொன்றாக எழுந்து கண்ணாடியில் ஒரு சாண் உயரம் ஏறிவிட்டன. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூட ஆரம்பித்தது அதற்கு வெகுநேரம் கழித்துத்தான். சூடான நீரில் கரையும் உயிர்வளி குறைவு. இரவில் பாசியும் பவளமும்கூட உயிர்வளியைச் செலவழிக்குமே தவிர உண்டாக்காது. மோட்டார் நின்றால் மேற்பரப்பு அசையாது. மூன்றும் சேரும் கோடை இரவில் முதலில் மூச்சுமுட்டுவது மணலோரத்து நீருக்குத்தான். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை அதன்பிறகு தொட்டிக்கு அடியிலேயே வைத்திருக்கிறேன்.

கண்ணாடியில் தெரியும் தடங்கள்

நத்தையின் வாயில் ராடுலா என்ற அரம்போன்ற நாக்கு இருக்கிறது. வரிசை வரிசையாகப் பற்கள் பதித்த நாடா என்று அதைக் கொள்ளலாம். முன்கண்ணாடியை ஒரு வாரம் துடைக்காமல் விட்டு, மெல்லிய பாசிப் படலம் படிந்த பிறகு, டிரோக்கஸ் ஒன்று மேய்ந்து போன பாதையை டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். தலையை இடமும் வலமும் ஆட்டியபடி அது முன்னேறுவதால், சிறு சிறு பிறைகள் அடுக்கடுக்காக அமைந்த வளைநெளி கோடு ஒன்று தெளிவாகத் தெரியும். நத்தை கண்ணாடியில் ஏறும்போது வெளியிலிருந்து அதன் அடிப்பக்கத்தைப் பார்க்க முடிந்தால், உதடுபோன்ற இரு மடிப்புகள் விரிவதும், உள்ளேயிருந்து நாக்கு வெளியே வந்து ஒருமுறை வழித்துவிட்டு உள்ளே போவதும், சில நொடிக்கு ஒருமுறை இது தவறாமல் நடப்பதும் தெரியும்.

இந்தத் தடங்கள் பசியைக் காட்டும். பாசி போதுமான அளவு இருக்கும்போது நத்தை இடைவெளி விட்டு மேயும். தடங்களுக்கு நடுவே படலம் மிஞ்சியிருக்கும். கண்ணாடி முழுதும் வழித்தெடுத்ததுபோல் சுத்தமாகி, பகல் வெளிச்சத்திலேயே நத்தைகள் ஓயாமல் அலைந்துகொண்டிருந்தால், அவற்றுக்கு உணவு போதவில்லை. அந்த நிலையில், சுவை சேர்க்காத நோரி கடற்பாசித் தாளில் தீப்பெட்டி அளவு துண்டைக் கிளிப்பில் மாட்டி, மாலையில் மணலுக்கு அருகே தொங்கவிட்டு, காலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். எத்தனை நத்தை வாங்குவது என்பதற்கு விற்பவர்கள் சொல்லும் கணக்கை அப்படியே ஏற்காதீர்கள். என் தொட்டியளவுக்கு ஆறு டிரோக்கஸில் தொடங்கி, மூன்று மாதம் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, தேவையென்றால் மட்டும் கூட்டுவதே என் வழி.

மேலே ஏறுவதும் கீழே விழுவதும்

நெரைட்டும் செரித்தும் நீர்மட்டத்துக்கு மேலே ஏறுவது அவற்றின் இயல்பு. செரித்தின் உறவினங்கள் பிச்சாவரத்து அலையாத்திக் காட்டுச் சேற்றில் ஓதமும் வற்றமும் பார்த்து வாழ்பவை. அந்தப் பரம்பரையின் பழக்கம் ஓதமே இல்லாத கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் தொடர்கிறது. ஆகவே மூடியில்லாத தொட்டியில் நெரைட் வைத்திருப்பவர்கள் காலையில் தொட்டியைச் சுற்றித் தரையையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. வாய்மூடியை இறுக மூடிக்கொண்டு கிடக்கும் நெரைட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டால் பெரும்பாலும் ஒன்றுமே நடக்காததுபோல் ஊர்ந்து போய்விடும்.

ஏறும் நத்தையால் வரும் உண்மையான ஆபத்து வேறு. நீர் வழிந்து சம்புக்கு, அதாவது தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டும் தொட்டிக்கு, இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியில் நீரோட்டம் மிகுதி, பாசியும் மிகுதி என்பதால், டிரோக்கஸும் டர்போவும் அதைத் தேடிப் போகும். என் வீட்டில் ஒருநாள் அதிகாலை நான்கு மணிக்குக் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். அவர் வீட்டுக் கூரையிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எலுமிச்சை அளவுள்ள ஒரு டர்போ, இறங்கு குழாயின் வாயில் தக்கை வைத்ததுபோல் உட்கார்ந்திருந்தது. கீழிருந்து மோட்டார் தண்ணீரை ஏற்றிக்கொண்டே இருக்க, இறங்க வழியில்லாமல் தொட்டி நிரம்பிக் கூடம் முழுவதும் பரவிவிட்டது. நத்தைக்கு ஒரு கீறலும் இல்லை.

இதைத் தவிர்க்க இரண்டு காரியம் செய்யுங்கள். இறங்கு குழாயின் வாய்க்குக் கம்பிவலை அல்ல, பிளாஸ்டிக் வலைக்கூடை ஒன்றை மாட்டுங்கள். உலோகம் உப்புநீரில் அரித்து, அதிலும் செம்பு கலந்திருந்தால் நத்தைகளையே கொன்றுவிடும். கூடை போதிய உயரத்தில் இருந்தால், ஒரு நத்தை பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டாலும் நீர் இறங்க இடமிருக்கும். அடுத்து, சம்பில் மேலேற்றும் மோட்டார் இருக்கும் அறையின் நீரளவைக் குறையுங்கள். இறங்கு குழாயை நீங்களே கையால் அடைத்துப் பாருங்கள்: அந்த அறை வற்றி மோட்டார் காற்றை உறிஞ்சத் தொடங்கும்வரை மேல்தொட்டி வழியாமல் தாங்கினால் அளவு சரி. இந்தச் சோதனையைப் பகலில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது செய்யுங்கள்.

விழுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மல்லாந்து விழுந்த டிரோக்கஸ் பாதத்தை நீட்டி மணலைப் பற்றி நிமிர்ந்துகொள்ளும். ஆஸ்ட்ரியாவுக்கு மணல்பரப்பில் அது பெரும்பாலும் கைகூடாது; அப்படியே கிடந்து ஓரிரு நாளில் செத்துவிடும், அல்லது அதற்கு முன்பே துறவி நண்டு அதை இழுத்துத் தின்றுவிட்டு ஓட்டில் குடியேறிவிடும். ஆகவே ஆஸ்ட்ரியா வைத்திருப்பவர்கள் காலையிலும் இரவிலும் மணலை ஒரு பார்வை பார்க்க வேண்டும். துறவி நண்டுகள் இருக்கும் தொட்டியில், அவற்றின் உடலைவிடச் சற்றுப் பெரிய வெற்று ஓடுகளைத் தாராளமாகப் போட்டுவைத்தால் ஓட்டுக்காக நடக்கும் கொலைகள் குறையும், அடியோடு நிற்காது.

முட்டையும் வெண்புகையும்

கண்ணாடியில் ஒரு காலையில் வெள்ளை நூலை வளைத்து வளைத்து ஒட்டியதுபோல் தெரிந்தால் அது செரித்தின் முட்டைச்சரம். எள்ளைப் போன்ற, நகத்தால் சுரண்டினாலும் எளிதில் வராத வெள்ளைப் புள்ளிகள் நெரைட்டின் வேலை. ஒளி ஊடுருவும் சிறு குப்பிகள் வரிசையாக நின்றால் அவை நசாரியஸின் முட்டைக்கூடுகள். நெரைட்டின் குஞ்சுகளும் நசாரியஸின் குஞ்சுகளும் நீரில் வெகுநாள் மிதந்து வளர வேண்டியவை என்பதால் வீட்டுத் தொட்டியில் பிழைப்பது அரிது. வடிகட்டியும் ஸ்கிம்மரும் (நுரையால் நீரின் கழிவைப் பிரிக்கும் கருவி) அவற்றை விட்டுவைப்பதில்லை. அவற்றைச் சுரண்டி எடுக்கவும் வேண்டாம், நம்பிக்கை வைக்கவும் வேண்டாம்.

டிரோக்கஸின் முறை வேறு. ஓர் இரவில், பெரும்பாலும் தண்ணீர் மாற்றிய நாளில், அவை பாறையின் உச்சிக்கோ கண்ணாடியின் மேல்விளிம்புக்கோ ஏறி நிற்கும். ஓட்டைச் சற்று உயர்த்தும்; சாம்பிராணிப் புகையைப் போல ஒரு வெள்ளைத் திரி அடியிலிருந்து கிளம்பி நீரோட்டத்தில் கலையும். அது ஆண். ஒன்று தொடங்கினால் மற்றவையும் தொடரும். பெண்கள் முட்டைகளைத் தூள்போல வெளியேற்றும். முதல்முறை பார்ப்பவர்கள் நத்தை ஏதோ நஞ்சைக் கக்குகிறது என்று பதறி உடனே தண்ணீரை மாற்றிவிடுகிறார்கள். தேவையில்லை, மேற்பரப்பு நன்றாக அசைகிறதா என்று மட்டும் பாருங்கள். காலையில் தண்ணீர் தெளிந்துவிடும்.

டிரோக்கஸின் இளம் உயிரி சில நாள்களே மிதக்கும், அந்த நாள்களுக்கு வேண்டிய உணவை முட்டையிலிருந்தே கொண்டுவரும். எனவே கடல்நத்தைகளில் வீட்டிலேயே பெருகக்கூடிய மிகச் சில இனங்களில் அதுவும் ஒன்று. வெண்புகை கண்ட இரவில், தொட்டிக்குள் தனியாகச் சுழற்சி மோட்டார் ஓடும் பட்சத்தில், சம்பிலிருந்து ஏற்றும் மோட்டாரை விடியும்வரை நிறுத்திவைப்பது அவற்றுக்கு நீங்கள் தரும் வாய்ப்பு. இரண்டு மூன்று மாதம் கழித்துப் பின்கண்ணாடியில், இரவில், கடுகைவிடச் சற்றுப் பெரிய கூம்புகள் தென்படலாம். கவனம்: கொலோனிஸ்டா என்ற சிறு நத்தையும் இரவில் இதே இடத்தில் நூற்றுக்கணக்கில் திரியும். அது உருண்டையாக இருக்கும், சில மில்லிமீட்டருக்கு மேல் வளராது, தீங்கும் செய்யாது.

அழையா விருந்தாளிகள்

பாறையோடும் பவளத்தோடும் வந்து சேரும் நத்தைகள் எல்லாமே ஸ்டோமடெல்லாவைப் போல நல்லவை அல்ல. அவற்றுள் அதிகம் தொல்லை தருவது வெர்மெட்டிட். இது ஊர்வதே இல்லை. பாறையில் ஒட்டிய சுண்ணாம்புக் குழாய்க்குள் வாழ்ந்து, சிலந்தியைப் போலச் சளி இழைகளை நீரில் விரித்து, ஒட்டியதையெல்லாம் இழையோடு சேர்த்து விழுங்கும். பவளத்துக்குத் தூள் உணவு இட்டுச் சில நிமிடம் கழித்து, மோட்டாரை நிறுத்திவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால், ஒட்டடைபோல அந்த இழைகள் மின்னுவதைக் காணலாம். இழை படும் பவளம் சுருங்கியே கிடக்கும். தடித்த குழாயாக இருந்தால் இடுக்கியால் அடியோடு ஒடித்து எடுங்கள். எடுக்க முடியாத இடத்தில் குழாயின் வாயை ஜெல் சூப்பர் குளூவால் அடைத்துவிடுங்கள். வெறும் கையால் தடவிப் பார்க்க வேண்டாம், குழாயின் விளிம்பு பிளேடைப் போல் வெட்டும். தூள் உணவைக் குறைப்பதும் உதவும்.

பாசி நத்தை ஒன்று காரணமின்றி மெலிந்து சோர்ந்தால், இரவில் அதன் ஓட்டு விளிம்பைப் பாருங்கள். உடைத்த நொய்யரிசி அளவில் வெள்ளைச் சிறு நத்தைகள் விளிம்பில் ஒட்டியிருந்தால் அவை பிரமிடெல்லிட். மெல்லிய உறிஞ்சியைச் செலுத்தி மற்ற நத்தையின் உடல்நீரைக் குடிக்கும் ஒட்டுண்ணிகள். பழைய பல்துலக்கியால், தனி வாளித் தண்ணீரில், அவற்றைத் துடைத்தெடுங்கள். ஒரு முறை போதாது, வாரம் இருமுறை என்று சில வாரம் செய்ய வேண்டியிருக்கும். ஜோவாந்தஸ் பவளம் வைத்திருப்பவர்கள், அதன் மொட்டுகளுக்கிடையே கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட வட்டமான ஓட்டைத் தேட வேண்டும்; அது சூரியக்கடிகை நத்தை, அந்தப் பவளத்தையே தின்று வாழ்வது.

வெற்று ஓட்டில் துரப்பணம் போட்டதுபோல் ஒரு வட்டத் துளை இருந்தால் தொட்டிக்குள் ஒரு வேட்டை நத்தை இருக்கிறது. மெரினாவில் பொறுக்கும் சிப்பிகளில் பலவற்றில் குழந்தைகள் நூல் கோக்கும் அந்த அழகான துளையும் இத்தகைய கொலையின் தடயம்தான். துளையின் வெளிவிளிம்பு அகன்று உள்ளே குறுகினால் நிலவு நத்தை, நேராக இறங்கினால் முரெக்ஸ் வகை என்று பொதுவாகக் கொள்ளலாம்.

கூம்பு நத்தையைப் பற்றி மட்டும் விளையாட்டுக்கு இடமில்லை. அதுவும் பகலில் மணலில் புதைந்து குழலை மட்டும் நீட்டியிருக்கும். பார்க்க நசாரியஸ்போலவே தோன்றும். ஆனால் ஓடு ஐஸ்கிரீம் கோனைப் போலவும், வாய் நீண்ட குறுகிய பிளவாகவும் இருக்கும். நச்சு ஈட்டியாக மாறிய பல் அதற்கு உண்டு. சில இனங்களின் குத்து மனிதரைக் கொன்றிருக்கிறது. நீங்கள் விடாத நத்தை எதையும் வெறும் கையால் எடுக்காதீர்கள். நீண்ட இடுக்கியால் எடுங்கள். கடற்கரையில் கண்ட உயிருள்ள நத்தையையும் பாறையையும் கொண்டுவந்து தொட்டியில் போடும் ஆசையைக் கைவிடுவதற்கு இது ஒரு காரணம். மற்றொன்று சட்டம்: 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவில் எதையும் எடுக்க அனுமதி இல்லை, பவளங்களும் சில கடல்நத்தை இனங்களும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளன.

இறந்ததா, ஒடுங்கியிருக்கிறதா

கடையிலிருந்து வந்த நத்தை இரண்டு நாள் அசையாமல் கிடப்பது புதிதல்ல. பல கடைகளில் உப்பு அளவைக் குறைத்து, 1.020 அடர்த்தி எண் அளவில் வைத்திருப்பார்கள். உங்கள் தொட்டியில் 1.025 இருக்கும். மீன் தன் உடல்நீரின் உப்பைத் தானே சீர்செய்துகொள்ளும், நத்தையால் அது இயலாது; சுற்றியுள்ள நீர் எப்படியோ அப்படியே அதன் உடல்நீரும் மாறும். எனவே மெல்லிய ஏர் டியூபில் முடிச்சிட்டு, நொடிக்கு இரண்டு மூன்று சொட்டாக, இரண்டு மணி நேரம் உங்கள் நீரைச் சொட்டவிட்டுப் பழக்குங்கள். பிறகு மணலில் எறியாமல், பாறையில் பாதம் படும்படி நிமிர்த்தி வையுங்கள். மீன் நோய்க்காகச் செம்பு மருந்து இட்ட தொட்டியில் நத்தையை விடவே கூடாது. மருந்தைப் பாறையும் மணலும் உறிஞ்சிவைத்துப் பின்னர் கசியவிடும்.

அசையாத நத்தை உயிரோடு இருக்கிறதா என்று அறிய, அதை எடுத்து வாயைப் பாருங்கள். மூடி இறுகப் பொருந்தி, தொட்டால் இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டால் உயிர் இருக்கிறது. மூடி தளர்ந்து தொங்கினால், அல்லது உடல் வெளியே சரிந்து தொட்டும் சுருங்காவிட்டால், மூக்கருகே கொண்டுபோங்கள். செத்த நத்தையின் நாற்றத்தில் சந்தேகத்துக்கு இடமிருக்காது. சந்தேகம் மிஞ்சினால், தொட்டிநீர் ஊற்றிய ஒரு கிண்ணத்தில் ஒரு மணி நேரம் தனியாக வைத்துப் பாருங்கள். சிறிய தொட்டியில் ஒரு பெரிய டர்போவின் பிணம் அம்மோனியாவை ஏற்றிவிடும் என்பதால் அதை உள்ளேயே விட்டுவைக்காதீர்கள். நசாரியஸ்கள் ஒரு நத்தையை மொய்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு அவைதான் கொன்றன என்று முடிவுகட்டவும் வேண்டாம். அவை மோப்பம் பிடித்து வந்தவை, பெரும்பாலும் உங்களுக்கு முன்பே சாவை அறிந்தவை. காலியான ஓட்டை நல்ல தண்ணீரில் கொதிக்கவைத்து, உட்பக்கத்தை அலசி, வெயிலில் இரண்டு நாள் காயவிட்டுத் துறவி நண்டுகளுக்காக மணலில் போட்டுவையுங்கள்.